கட்டுக்குக் கீழே தெரியும் விரல்கள்

காசிமேட்டில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் ஐஸுக்கு வராது. விசைப்படகின் வின்ச்சில் கயிறு சுற்றும்போது ஒருவரின் விரல் சிக்கித் துண்டாகிவிட்டால், கூட இருப்பவர்களின் கை முதலில் ஐஸ் பெட்டிக்குத்தான் போகிறது. துண்டை எடுத்து மீனோடு மீனாக ஐஸுக்குள் புதைத்துவிடுகிறார்கள். நல்ல எண்ணத்தில் செய்வதுதான். ஆனால் ஐஸ் நேராகப் பட்ட சதை உறைந்து கெட்டுப்போகும். அப்படிக் கெட்ட விரலை எவ்வளவு தேர்ந்த மருத்துவராலும் திரும்ப ஒட்ட முடியாது.

துண்டான விரலைக் குடிதண்ணீரில் ஒருமுறை அலசுங்கள். கடல்தண்ணீர் வேண்டாம், தேய்க்கவும் வேண்டாம். சுத்தமான துணியை நனைத்துப் பிழிந்து அதில் சுற்றுங்கள். ஓட்டையில்லாத பிளாஸ்டிக் பையில் போட்டு வாயை இறுக்கிக் கட்டுங்கள். அந்தப் பையை, ஐஸும் தண்ணீரும் கலந்த இன்னொரு பாத்திரத்தில் வையுங்கள். விரல் குளிர்ச்சியில் இருக்க வேண்டும், ஐஸைத் தொடக் கூடாது. அடிபட்ட கையில் ரத்தம் வந்தால் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி வையுங்கள். பெரும்பாலான ரத்தப்போக்கு பத்து நிமிடம் விடாமல் அழுத்தினால் நின்றுவிடும். நைலான் கயிற்றால் மணிக்கட்டை முறுக்கிக் கட்டும் வழக்கம் படகுகளில் உண்டு. அது மிச்சமிருக்கும் விரல்களையும் கெடுக்கும். மோதிரம் இருந்தால் வீங்குவதற்குள் கழற்றிவிடுங்கள். மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கும் என்பதால் டீ, சோடா எதுவும் கொடுக்காதீர்கள்.

விரலில் தசை குறைவு என்பதால் அதற்குக் கொஞ்சம் அவகாசம் உண்டு. சரியாகக் குளிரில் வைத்தால் பல மணி நேரம் தாங்கும். மணிக்கட்டோ முன்கையோ துண்டானால் கணக்கு வேறு. தசை அதிகமுள்ள உறுப்பு ரத்தமில்லாமல் ஏறக்குறைய ஆறு மணி நேரம்தான் தாக்குப்பிடிக்கும். ஆழ்கடலில் இருக்கும் படகு இதை மனதில் வைத்து அப்போதே கரைக்குத் திரும்ப வேண்டும். வலை உள்ளே இருக்கிறதே என்று காத்திருந்தால் கை போய்விடும்.

கரைக்கு வந்தபின் எங்கே போவது என்ற கேள்வியில் வடசென்னைக்காரர்களுக்கு ஒரு பாக்கியம் இருக்கிறது. ராயபுரம் பழைய சிறைச்சாலை சாலையில் இருக்கும் ஸ்டான்லி அரசு மருத்துவமனையைப் பெரியவர்கள் இன்னும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்பார்கள். 1782-இல் பஞ்சத்தில் தவித்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்தது அது. அங்கே 1971-இல் பேராசிரியர் ஆர். வெங்கடசாமி கைக் காயங்களுக்கென்றே தனிப் பிரிவு ஒன்றைத் தொடங்கினார். துறைமுகமும் தொழிற்சாலைகளும் சூழ்ந்த இடத்தில் அப்படி ஒரு பிரிவு பிறந்ததில் வியப்பில்லை. அது இன்று கை ஆய்வுக்கும் மறுவாழ்வுக்குமான நிலையமாக வளர்ந்திருக்கிறது. 2018 பிப்ரவரியில், இரு கைகளையும் இழந்த ஒருவருக்கு, இறந்தவர் ஒருவரின் கைகளைப் பொருத்தியதும் அங்கேதான். காசிமேட்டிலிருந்து ஆட்டோவில் போகிற தூரத்தில் இருக்கிற இடம். விரல் துண்டானவரை வேறு எங்கெங்கோ அலையவைத்து நேரத்தைக் கரைக்காமல் நேராக அங்கே கொண்டு போங்கள்.

புத்தூர்க் கட்டும் லிவர்பூல் துறைமுகமும்

எலும்பு உடைந்தால் வடசென்னையில் முதலில் காதில் விழும் வார்த்தை புத்தூர்க் கட்டு. சென்னையிலிருந்து திருப்பதி போகும் வழியில் இருக்கிற ஊர் புத்தூர். மூங்கில் பத்தை, பச்சிலை, முட்டை வெள்ளைக்கரு இவற்றைக் கொண்டு கட்டும் பரம்பரை அது. அந்த ஊரின் பெயரைப் போட்ட பலகைகள் இப்போது சென்னையில் தெருவுக்குத் தெரு தொங்குகின்றன. பலகை வைத்தவர்கள் எல்லோரும் அந்த ஊர்க்காரர்களா, அந்தக் கைப்பழக்கம் உள்ளவர்களா என்று யாரும் கேட்பதில்லை.

நாட்டு வைத்தியரைக் கிண்டல் செய்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. இன்றைய எலும்பு மருத்துவத்தின் ஒரு வேரே கட்டுக் கட்டுபவர்களிடமிருந்து வந்ததுதான். இங்கிலாந்தின் லிவர்பூல் நம் ராயபுரம் போலக் கப்பல் கூலிகளின் ஊர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே ஹியூ ஓவன் தாமஸ் என்ற மருத்துவர் இருந்தார். அவருடைய அப்பா, தாத்தா எல்லோரும் தலைமுறை தலைமுறையாக எலும்பு கட்டிய வேல்ஸ் நாட்டுக் குடும்பத்தினர். மகன் மருத்துவம் படித்து, பரம்பரைக் கைப்பழக்கத்தையும் சேர்த்துக்கொண்டு, துறைமுகத் தொழிலாளிகளுக்கு வைத்தியம் பார்த்தார். அவர் செய்த இரும்புச் சட்டம் முதல் உலகப் போரில் தொடை எலும்பு முறிந்த ஆயிரக்கணக்கானோரின் உயிரைக் காத்தது. இன்றும் நம் அரசு மருத்துவமனை வார்டுகளில் தாமஸ் ஸ்பிளின்ட் என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள்.

உடைந்த எலும்பு தானாகவே கூடும். உயிருள்ள எந்த எலும்புக்கும் அந்த ஆற்றல் இருக்கிறது. அதை ஆடாமல் வைத்திருந்தால் போதும் என்பதைப் பழைய கட்டுக்காரர்கள் அனுபவத்தில் கண்டிருந்தார்கள். அதனால்தான் அவர்கள் கட்டிய பல முறிவுகள் நன்றாகவே கூடின. ஆனால் எலும்பைச் சுற்றி ரத்தக்குழாய் இருக்கிறது, நரம்பு இருக்கிறது, தசை இருக்கிறது, மூட்டு இருக்கிறது. இவை கெட்டால் தானாகத் திரும்புவதில்லை. எலும்பு வைத்தியம் என்று நாம் சொல்வதில் பாதிக்கு மேல் எலும்பைச் சுற்றியுள்ளதைக் காக்கும் வேலைதான். கட்டு இறுக்கமாக இருக்க வேண்டும், இறுக்கம்தான் பலம் என்ற நம்பிக்கை அதைத்தான் பலி வாங்குகிறது.

அடிபட்ட இடம் முதல் இரண்டு நாள் வீங்கிக்கொண்டே போகும். கட்டோ வீங்காது. உள்ளே அழுத்தம் ஏற ஏறத் தசைக்குப் போகும் ரத்தம் நின்றுபோகும். ஆறு மணி நேரம் அப்படி இருந்தால் தசை செத்து, பின்னர் நாராகச் சுருங்கிவிடும். விரல்கள் மடங்கியபடியே நின்றுபோகும். முழங்கைக்கு மேலே எலும்பு உடைந்த குழந்தைகளுக்கு இது அதிகம் நேர்கிறது. மாடிப்படியிலிருந்தோ சைக்கிளிலிருந்தோ விழுந்த பிள்ளைக்கு அவசரத்தில் ஒரு இறுக்கக் கட்டு, இரவெல்லாம் அழுகை, "கட்டுப் போட்டா வலிக்கத்தான் செய்யும் கண்ணு" என்று சமாதானம், காலையில் அழுகை நின்றுவிடுகிறது. அழுகை நின்றது குணமானதால் அல்ல, நரம்பு மரத்துப்போனதால்.

ஆகவே கட்டு யார் போட்டதாக இருந்தாலும், பெரிய மருத்துவமனையின் மாவுக்கட்டாகவே இருந்தாலும், அன்றிரவு அலாரம் வைத்து இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து, கட்டுக்குக் கீழே தெரியும் விரல்களைப் பாருங்கள். அடுத்த கை விரல்களோடு ஒப்பிட்டால் நிறம் ஒன்றாக இருக்க வேண்டும், சூடும் ஒன்றாக இருக்க வேண்டும். நகத்தை அழுத்திவிட்டால் வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் சிவக்க வேண்டும். பிள்ளையே விரலை நீட்டி மடக்க வேண்டும். இவற்றுக்கெல்லாம் முன்னதாக வருகிற அறிகுறி வலிதான். மாத்திரை கொடுத்தும் அடங்காமல் ஏறிக்கொண்டே போகிற வலி, விரலை நீங்கள் மெல்ல நிமிர்த்தினால் உயிர் போவது போன்ற வலி. இதைக் கண்டால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். நிறம் இன்னும் மாறவில்லையே, நாடி இருக்கிறதே என்றும் ஆறுதல் கொள்ளாதீர்கள். நிறம் மாறும்போது காலம் கடந்திருக்கும்.

துணிக்கட்டாக இருந்தால் வீட்டிலேயே கத்தரியால் மேலிருந்து கீழ்வரை முழு நீளத்துக்கும் வெட்டிவிடுங்கள். உள்ளே இருக்கும் பஞ்சையும் வெட்டித் தோல் தெரிய வேண்டும். மாவுக்கட்டாக இருந்தால் உடனே எந்த நேரமானாலும் அவசரப் பிரிவுக்குப் போய்ப் பிளக்கச் சொல்லுங்கள். சாதாரண வீக்கத்துக்குக் கையைத் தலையணை மேல் உயர்த்தி வைப்பது சரி. ஆனால் இந்த வலி வந்துவிட்டால் நெஞ்சு மட்டத்தில் வையுங்கள், உயர்த்தினால் போகிற கொஞ்ச ரத்தமும் குறையும். கட்டை வெட்டினால் எலும்பு விலகிவிடுமே என்று பயப்பட வேண்டாம். விலகிய எலும்பை மறுபடி சேர்க்கலாம்.

எண்ணெய் போட்டு உருவிவிடுவது பற்றியும் சொல்ல வேண்டும். உழைத்த முதுகுக்கும் பிடித்த கழுத்துக்கும் உருவுதல் சுகம்தான். அடிபட்ட முழங்கையை மட்டும் யாரும் உருவ விடாதீர்கள். அங்கே கிழிந்த தசைக்குள் ரத்தம் கட்டியிருக்கும். அதைப் பிசையப் பிசைய அந்த இடத்தில் சதைக்குள்ளேயே எலும்பு வளரத் தொடங்கும். பிறகு முழங்கை மடங்காது. சுளுக்கு என்று முடிவுகட்டும் முன் ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.

தோல் கிழிந்து எலும்பு வெளியே தெரிந்தால் அது தனி ஜாதி. மஞ்சள், காப்பித்தூள், டீசல், கிரீஸ் எதையும் வைக்காதீர்கள். எலும்பை உள்ளே தள்ளாதீர்கள். நனைத்த சுத்தத் துணியால் மூடி, அட்டையோ கட்டையோ வைத்து ஆடாமல் பிடித்து, 108-ஐ அழையுங்கள். கிருமிக்கொல்லி மருந்து எவ்வளவு சீக்கிரம் ரத்தத்தில் ஏறுகிறதோ அவ்வளவு நல்லது. முதல் ஒரு மணி நேரம் தங்கம். இப்படிப்பட்ட முறிவை எந்தக் கட்டு வைத்தியரிடமும் காட்டக் கூடாது.

மாவுக்கட்டு பிரித்த பிறகு

என் தாய்மாமா ஒருவருக்கு மணிக்கட்டு முறிந்தது. எட்டு வாரம் கழித்துக் கட்டைப் பிரித்தார்கள். எக்ஸ்ரேயில் எலும்பு அருமையாகக் கூடியிருந்தது, எல்லோரும் சந்தோஷப்பட்டோம். ஆனால் அந்த எட்டு வாரமும் அவர் விரலை அசைக்கவே இல்லை. அசைக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அசைத்தால் எலும்பு நகர்ந்துவிடும் என்று வீட்டில் நாங்களும் பயமுறுத்திக்கொண்டே இருந்தோம். அதற்குப் பிறகு அவரால் வலைக் கண்ணி பின்ன முடியவில்லை. கூடிய எலும்பு இருந்தது, தொழில் இல்லை.

மணிக்கட்டுக்கு மாவுக்கட்டு என்றால் விரல், முழங்கை, தோள் மூன்றும் முதல் நாளிலிருந்தே அசைய வேண்டும். விழித்திருக்கும்போது மணிக்கு ஒருமுறை விரல்களை முழுதாக விரித்து, முழுதாக மடக்குங்கள், பத்துப் பத்து முறை. கையை நாளுக்கு நாலைந்து தடவை தலைக்கு மேல் தூக்குங்கள். இல்லையென்றால் மணிக்கட்டு சரியாகும்போது தோள் இறுகியிருக்கும், சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அது இன்னும் சீக்கிரம் இறுகும். கட்டு நனையக் கூடாது. உள்ளே அரித்தால் ஸ்கேல், ஊதுவத்திக் குச்சி விட்டுச் சொறியக் கூடாது. தோல் கீறிச் சீழ் பிடித்தால் வெளியே தெரியாது, கெட்ட நாற்றம்தான் காட்டிக்கொடுக்கும்.

பிரித்த பிறகு கை மெலிந்து, தோல் உரிந்து, குச்சி போல இருக்கும். பயம் வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரில் கையை வைத்தபடி அசையுங்கள். ஒரு வாளியில் அரிசி நிரப்பி அதற்குள் கையை விட்டுப் பிசையுங்கள், பிடியுங்கள், விரியுங்கள். பிசியோதெரபி அறையில் செய்வதை வீட்டில் செய்ய இதைவிட மலிவான கருவி கிடையாது. பிசியோதெரபிக்கு வாரத்துக்கு இரண்டு நாள் போவது கற்றுக்கொள்ளத்தான். குணமாக்குவது மிச்ச ஐந்து நாளும் வீட்டில் செய்வதுதான். படுக்கையில் கிடப்பவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வருவார். பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியுங்கள்.

எத்தனை நாளில் கூடும் என்று எல்லோரும் கேட்பார்கள். விரலுக்கு மூன்று நான்கு வாரம், மணிக்கட்டுக்கு ஆறு வாரம், முன்கால் எலும்புக்கு மூன்று நான்கு மாதம், சில சமயம் அதற்கும் மேல். குழந்தைகளுக்கு இதில் பாதிதான். பீடி, சிகரெட் பிடிப்பவருக்கு எலும்பு கூடுவது தாமதமாகிறது. சிலருக்குக் கூடாமலே போகிறது. ராடு வைத்து ஆபரேஷன் செய்த காலோடு ஆஸ்பத்திரி வாசலில் பீடி பற்றவைக்கும் அண்ணன்களைப் பார்க்கும்போது எனக்குத் தாங்குவதில்லை. அந்த நான்கு மாதமாவது விட்டுவிடுங்கள்.

மீன்முள் குத்திய விரலையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், காசிமேட்டில் அதைக் காயமாகவே யாரும் எண்ணுவதில்லை. கெளுத்தி முள் குத்தினால் பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் அரை மணி நேரத்துக்கு மேல் கையை வையுங்கள், விஷக்கடுப்பு குறையும். தோல் வெந்துவிடாதபடி அடுத்த கையால் சூடு பார்த்துக்கொள்ளுங்கள். ஓரிரு நாளில் விரல் முழுதும் ஒரே சீராக வீங்கி, பாதி மடங்கியபடி நின்று, நிமிர்த்தினால் வலித்தால் தசைநாணின் உறைக்குள் சீழ் இறங்கிவிட்டது என்று பொருள். அன்றே கைப் பிரிவுக்குப் போக வேண்டும், மறுநாள் ஏலம் முடித்துவிட்டு அல்ல.

முதுகு

எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் துறைமுகத்துக்குள் நுழைய வரிசை கட்டி நிற்பதை எல்லோரும் போக்குவரத்து நெரிசலாகப் பார்க்கிறோம். ஸ்டியரிங் பிடித்திருப்பவருக்கு அது முதுகின் மேல் ஏற்றிய பாரம். உட்கார்ந்திருக்கும்போது இடுப்பு ஜவ்வின் மேல் விழும் அழுத்தம் நிற்கும்போது விழுவதைவிட அதிகம். அதோடு இன்ஜின் அதிர்வும் சேர்கிறது. வண்டி நிற்கிற ஒவ்வொரு தடவையும் இறங்கி நில்லுங்கள். இரு கையையும் இடுப்பில் வைத்துப் பின்னால் வளையுங்கள், ஐந்து முறை. மணிக்கணக்காக உட்கார்ந்துவிட்டு இறங்கிய உடனே தார்ப்பாயையும் சங்கிலியையும் இழுத்துக் கட்டாதீர்கள். இரண்டு நிமிடம் நடந்துவிட்டுக் கை வையுங்கள். சுருட்டிய துண்டை இடுப்புக்குப் பின்னால் வைத்து ஓட்டுங்கள்.

சுமை தூக்குபவர்களுக்கு ஒரு கணக்கு. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1967-இலேயே வளர்ந்த ஆண் ஒருவர் தூக்கும் சுமைக்கு 55 கிலோவை வரம்பாகப் பரிந்துரைத்தது. பெண்ணுக்கு அதைவிட மிகக் குறைவாக இருக்க வேண்டும் என்றது. நம் கிடங்குகளில் இன்றும் அதற்கு மேல் எடையுள்ள மூட்டைகள் ஒற்றை முதுகில் ஏறுகின்றன. தூக்கும்போது முட்டியை மடக்குங்கள் என்று சுவரில் எழுதிவைப்பது எளிது. மூட்டையின் எடையைக் குறைப்பதும், இருவராகப் பிடிப்பதும், தள்ளுவண்டி கொடுப்பதும்தான் முதுகைக் காக்கும். சங்கத்தில் இருப்பவர்கள் இதைக் கேட்டு வாங்க வேண்டும்.

முதுகு பிடித்துக்கொண்டால் ஓரிரு நாள் ஓய்வு போதும். வாரக்கணக்கில் படுத்தால் தசை இளகி வலி நிலைத்துவிடும். பொறுக்கக்கூடிய அளவுக்கு நடமாடுங்கள். ஜவ்வு பிதுங்கி, இடுப்பிலிருந்து கால்வரை மின்சாரம் போல் வலி இறங்கினாலும் பெரும்பாலோருக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரத்தில் ஆபரேஷன் இல்லாமலே தணிந்துவிடும். முதல் வாரமே எம்.ஆர்.ஐ. எடுக்கப் பணம் புரட்ட வேண்டாம். நாற்பது வயதில் வலியே இல்லாதவருக்கு எடுத்தாலும் ஜவ்வு பிதுங்கல் தெரிவது சாதாரணம்.

சிலவற்றுக்கு மட்டும் பொறுக்கக் கூடாது. உட்காருமிடத்தில் மரத்துப்போவது, சிறுநீர் வராமல் கட்டிக்கொள்வது அல்லது தெரியாமலே போய்விடுவது, பாதத்தைத் தூக்க முடியாமல் செருப்பு கழன்று விழுவது. இவை வந்தால் அன்றே பெரிய மருத்துவமனை. மாலைக் காய்ச்சல், எடைக் குறைவு, இரவிலும் விடாத முதுகுவலி மூன்றும் சேர்ந்தால் முதுகெலும்புக் காசநோயா என்று பார்க்க வேண்டும். மருந்து அரசு மையங்களில் இலவசம், முழுதாகக் குணமாகும்.

முட்டியும் இடுப்பும்

மீன் விற்கும் அம்மாக்களின் முட்டிதான் வடசென்னையில் அதிகம் தேய்ந்த முட்டியாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. விடியலில் ஏலம், தலையில் கூடை, பகலெல்லாம் அருவாமனைக்கு முன் குத்துக்காலிட்டு உட்காருதல். மூட்டு தேய்மானத்துக்கு முதல் மருந்து ஒரு முக்காலி. முட்டியை முழுதாக மடக்காமல், இடுப்புயர மேடையில் மீன் வெட்டும்படி கடையை மாற்றுங்கள். வீட்டில் மேலைநாட்டுக் கழிப்பறையோ, அதற்கு மேல் போடும் நாற்காலியோ வேண்டும். உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் நடக்கும் ஒவ்வொரு அடியிலும் முட்டிக்கு ஏறக்குறைய நான்கு கிலோ பாரம் குறைகிறது. ஊன்றுகோலை வலிக்கும் காலுக்கு எதிர்க்கையில் பிடியுங்கள். பெரும்பாலோர் வலிக்கும் பக்கமே பிடிக்கிறார்கள். நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி, பத்து எண்ணும்வரை நிறுத்தி இறக்குங்கள். நாளுக்கு முப்பது முறை, மூன்று மாதம் விடாமல். தொடைத் தசை பலமானால் பாதி வலி போய்விடும். அதற்குப் பிறகும் நடக்க முடியவில்லை என்றால் மூட்டு மாற்று அறுவை இருக்கிறது. அரசு மருத்துவமனைகளிலும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அது நடக்கிறது.

முட்டி வலிக்காரர்களுக்கு மெட்ரோ பெரிய உதவி. 2021 பிப்ரவரியில் விம்கோ நகர்வரை நீண்டதிலிருந்து திருவொற்றியூர்க்காரர்கள் வண்டி மாறாமல் சென்ட்ரல் போகலாம். நிலையங்களில் லிப்ட் இருக்கிறது. ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை சாலைக்கு எதிர்ப்புறம். ஓ.பி. காலையில்தான், சீக்கிரம் கிளம்புங்கள்.

வயதானவர் குளியலறையில் விழுந்து எழுந்திருக்க முடியாமல், ஒரு கால் குட்டையாகிப் பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது. வயதாகிவிட்டது, ஆபரேஷன் தாங்காது, படுக்கையில் வைத்தே பார்த்துக்கொள்வோம் என்று பிள்ளைகள் முடிவெடுப்பது அன்பினால்தான். ஆனால் படுக்கைதான் அவரைக் கொல்கிறது: படுக்கைப்புண், நுரையீரலில் சளி, காலில் ரத்தக்கட்டி. முடிந்தால் இரண்டு நாளுக்குள் அறுவை செய்து, அடுத்த நாளே எழுப்பி நிற்கவைப்பதுதான் பாதுகாப்பு. எண்பது வயதுக்காரருக்கும் இது பொருந்தும்.

உடம்புவலிக்கு மருந்துக் கடையில் "ஒரு செட் குடுங்கண்ணா" என்று கேட்டு வாங்கும் பொட்டலத்தைப் பற்றி எச்சரிக்காமல் இந்த அத்தியாயத்தை முடிக்க முடியாது. அதில் வலி மாத்திரையோடு ஸ்டீராய்டும் இருக்கக்கூடும். சாப்பிட்டவுடன் உடம்பு காற்றில் மிதப்பது போல இருப்பதற்குக் காரணம் அதுதான். வலி மாத்திரை தினமும் போனால் குடல் புண்ணாகும், சிறுநீரகம் கெடும். ஸ்டீராய்டு நாள்பட உள்ளே போனால் இடுப்புப் பந்துக்குப் போகும் ரத்தம் நின்று எலும்பு செத்துப்போகும். மிதமிஞ்சிய குடியும் இதையே செய்யும். முப்பது, நாற்பது வயது ஆணுக்குத் தொடை இடுக்கில் வலி வந்து, சம்மணம் போட முடியாமல் போனால் அதை முட்டிவலி, வாயு என்று தள்ளிவிடாமல் இடுப்புக்கு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாது, எம்.ஆர்.ஐ.யில்தான் தெரியும். இங்கே அந்தச் செலவு நியாயமானது.

சீட்டில் என்ன எழுதியிருக்கிறது

சாலை விபத்து என்றால், 2021 டிசம்பரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48 திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனையிலும் கிடைக்கும், வெளிமாநிலத்தவருக்கும் உண்டு. எண்ணூர்ப் பக்கம் வேலைக்கு வந்திருக்கும் பீகார், ஒடிசா தம்பிகளுக்கு இதைச் சொல்லுங்கள்.

வேலையிடத்தில் அடிபட்டவருக்குச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து ஈ.எஸ்.ஐ. பிடித்தம் நடந்தால், அயனாவரம் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையில் சிகிச்சையோடு, வேலைக்குப் போக முடியாத நாளுக்குச் சம்பளத்தில் ஏறக்குறைய 90 சதவீதம் கிடைக்கும். சாதாரண நோய் விடுப்புக்கு 70 சதவீதம்தான். அதனால் அடி வேலையில் பட்டது என்று பதிவாவது முக்கியம். ஈ.எஸ்.ஐ. இல்லாத ஒப்பந்தத் தொழிலாளிக்கும் முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்பது 1923-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே தொடரும் கடமை. காலம் கடத்தாமல் கேட்க வேண்டும். உடல் குறைபாடு நிலைத்துவிட்டால் 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்றிதழ் வாங்கினால்தான் மாற்றுத்திறனாளிக்கான உதவிகள் கிடைக்கும்.

இவை எல்லாவற்றுக்கும் மூலம் முதல் நாள் மருத்துவமனையில் எழுதும் விபத்துப் பதிவேடு, ஏ.ஆர். என்பார்கள். ஒப்பந்தக்காரர் கூடவே வந்து, "வீட்ல விழுந்துட்டேன்னு சொல்லுப்பா, செலவ நான் பாத்துக்கிறேன்" என்பார். முதல் வாரச் செலவை அவர் பார்த்தும் கொள்வார். மூன்றாம் மாதம் கை இறுகி, வேலைக்குப் போக முடியாமல் நிற்கும்போது அந்தச் சீட்டில் "வீட்டில் விழுந்தார்" என்றுதான் இருக்கும். ஆகவே டியூட்டி டாக்டர் கேட்கும்போது எந்த யார்டு, எந்தப் படகு, என்ன இயந்திரம், எந்த ஷிப்ட், எத்தனை மணி என்று சொல்லுங்கள். எழுதியதைப் படித்துக்காட்டச் சொல்லுங்கள். அடிபட்டவர் பேசும் நிலையில் இல்லையென்றால் கூட வந்த தோழர் சொல்லட்டும். ஏ.ஆர். நகலைக் கேட்டு வாங்கி, செல்போனில் படம் எடுத்து, வீட்டில் ஒருவருக்கு அன்றே அனுப்பிவிடுங்கள். எக்ஸ்ரே படங்களை மடிக்காமல், தேதி எழுதிய உறையில், முதல் படத்திலிருந்து கடைசிப் படம்வரை வரிசையாக வையுங்கள். கூடும் எலும்பை அடுத்த டாக்டர் அந்த வரிசையில்தான் படிப்பார்.